நாஞ்சில் வீடும் வாழ்வும் – 17: முக்காலியிலிருந்து நாற்காலிக்கு

சென்ற வாரம் அறப்புரையையும் பத்தாயத்தையும் பார்த்தோம். நெல்லைக் காப்பதற்கு நம் ஆசாரிகள் மரத்தில் காட்டிய நுட்பம் அது. இந்த வாரம் மனிதர்கள் உட்கார்ந்த மரத்துக்கு வருவோம். ஏறத்தாழ 1940 முதல் 1970 வரை கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்த நாற்காலி, மேசை, அலமாரி, சாய்வு நாற்காலி ஆகியவையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட மரச்சாமான்களை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். செதுக்கு வேலை இல்லாத நேர்கோடுகள், கீழே போகப்போக மெலியும் கால்கள், மரத்தின் ரேகையே அலங்காரமாக நிற்கும் பரப்பு என்று அந்தப் பாணிக்குத் தனி இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் அதே காலத்துச் சாமான் மச்சுப்படியின் அடியிலும் மாட்டுத்தொழுவத்திலும் கிடக்கிறது. வீடு இடிக்கும்போது கதவு, நிலை, உத்தரத்தோடு சேர்த்து மொத்தமாக விலைபேசப்படுகிறது. பத்மநாபபுரத்து அரண்மனைக் கட்டிலைவிட இந்த எளிய நாற்காலிகளே நம் மண்ணின் சமூக வரலாற்றை அதிகம் சொல்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

அரசரின் மரம்

பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகைக்குப் போனவர்கள் அங்குள்ள மூலிகைக் கட்டிலைப் பார்த்திருப்பார்கள். அறுபத்து நான்கு வகை மருத்துவ மரங்களால் ஆனது என்றும், டச்சுக்காரர்கள் கொடுத்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பூமுகத்தில் சீன வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலி இருக்கிறது. 1795ல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அரண்மனை இங்கேயே நின்றது. 1956ல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அது கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதனால் அந்தக் கட்டிலும் நாற்காலியும் பிழைத்தன.

திருவிதாங்கூர் அரசர்களுக்கு இருக்கை என்பது அதிகாரத்தின் மொழி. 1850ல் உத்திரம் திருநாள் மகாராஜா, தந்தத்தில் செதுக்கிய அரியணை ஒன்றை விக்டோரியா அரசிக்குப் பரிசாக அனுப்பினார். மறு ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஓர் அரசர் ஓர் அரசிக்குத் தம் மதிப்பைத் தெரிவிக்க இருக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் மேலும் அரசருக்கே உரிமை. தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவை திருவிதாங்கூரில் 'ராஜகீய விருட்சங்கள்'. குடிமகனின் சொந்த நிலத்தில் முளைத்தாலும் அவை அரசுக்குச் சொந்தம். வனத்துறைத் தலைவராக இருந்த போர்டில்லன் 1908ல் வெளியிட்ட திருவிதாங்கூர் வன மரங்கள் பற்றிய நூல், இந்தக் காடுகளில் என்னென்ன மரம் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதற்கு இன்றும் நல்ல ஆதாரம்.

காட்டுமரம் அரசருக்கு என்றான பிறகு, குடிமக்களுக்குத் தோப்பு மரம் மிஞ்சியது. பலா, அயனி, பூவரசு, புன்னை, வேம்பு, பனை ஆகியவற்றிலேயே சாதாரண வீடுகளின் கதவும் கட்டிலும் உருவாயின. நம் மாவட்டத்துப் பழைய நாற்காலிகளில் பலாவும் அயனியும் இத்தனை அதிகமாகத் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. நாஞ்சில் நாட்டு வீட்டுக்குப் புறவாசலில் நின்ற பலாவே பெரும்பாலும் மரக்கடை.

யார் உட்காரலாம்?

மரம் இருந்தாலும் எல்லாரும் நாற்காலி செய்து உட்கார்ந்துவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பொன்னகை அணியக்கூடாது, மாடி வைத்து வீடு கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை போராட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் உயர்ந்த இடத்தில் உட்காருவதும் அனுமதிக்கு உட்பட்ட செயல்தான். மேல்சாதியார் முன்னால் நிற்க வேண்டும், அல்லது தரையில் இருக்க வேண்டும்.

மேல்சாதி வீட்டுக்குள்ளும் வரிசை உண்டு. வீட்டின் முன்பகுதியான தார்சாவில் கிடக்கும் சாய்வு நாற்காலி குடும்பத் தலைவரான காரணவருக்கு. சகோதரி மக்களான மருமக்கள் நிற்பார்கள். பெண்கள் அடுக்களைத் தரையிலும் அரங்கு வாசலிலும் இருப்பார்கள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தால் அது யாருக்கு என்ற கேள்வியே எழாது.

இந்த வரிசையைக் கலைத்த முதல் மரச்சாமான் பள்ளிக்கூட பெஞ்சு. 1806ல் லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1818ல் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணியைத் தொடங்கினார். லண்டன் மிஷன் பள்ளிகள் ஊர் ஊராகப் பரவின. பெஞ்சு என்பது நீளமான ஒரு பலகை, நான்கு கால். அதில் உட்காரும் எல்லாருக்கும் ஒரே உயரம். பனையேறியின் மகனும் பண்ணையார் மகனும் ஒரே பலகையில் உட்கார நேர்ந்தபோது எழுந்த சண்டைகளுக்குக் காரணம் அந்த உயரம்தான்.

அடுத்த கட்டம் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நடந்தது. விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895ல் பிறந்த நேசமணி, திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து 1920களின் தொடக்கத்தில் இங்கே தொழில் செய்ய வந்தார். அங்கே மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்ற வக்கீல்களுக்கு முக்காலி. குடிதண்ணீருக்கும் தனித்தனிப் பானை. அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் நிகழ்ச்சி இது: நேசமணி முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாளில் திருவிதாங்கூர் தமிழர் இயக்கத்தை வழிநடத்தி, குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கு முன்னின்ற மார்ஷல் நேசமணி இவரே. நம் மாவட்டத்தின் அரசியல் வரலாற்றில் முதன்மையான ஒருவர், தம் பொது வாழ்வின் தொடக்கத்தில் மோதியது ஒரு மரச்சாமானோடு.

படித்துப் பட்டம் பெற்று நீதிமன்றம்வரை வந்தவருக்கே முக்காலி என்றால், வயலில் நின்றவருக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1926ல் சுசீந்திரத்தில் கோயில் தெருவில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவும் கோயிலும் திறந்த அதே தலைமுறையில்தான் வீடுகளுக்குள் நாற்காலிகள் பெருகின.

சட்டம் பிரித்த வீடு

நாற்காலி பெருகியதற்கு இன்னொரு காரணம் பாகப்பிரிவினை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே மருமக்கள் வழி நிலவியது. சொத்து காரணவர் கையில். அவருக்குப் பிறகு சகோதரி மகனுக்கு. அந்த ஏற்பாட்டில் மனைவியும் பிள்ளைகளும் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு நூலாகவே பாடிவைத்தார். கொல்லம் ஆண்டு 1101ல், அதாவது 1926ல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நாயர் சட்டம் வந்திருந்தது. பாகம் கேட்க வழி பிறந்ததும் கூட்டுக் குடும்பங்களான பெரிய தறவாடுகள் உடைந்தன.

பெரிய வீட்டின் சாமான்களைப் பங்கு வைத்தால் பத்தாயம் ஒருவருக்கு, கட்டில் ஒருவருக்கு, சாய்வு நாற்காலி மூத்தவருக்கு என்று போகும். தகப்பன், தாய், பிள்ளைகள் என்று சிறிதான குடும்பங்கள் சிறிய வீடுகளைக் கட்டின. அந்த வீட்டுக்கு முன்னறை ஒன்று வேண்டும். அதில் வருகிறவர்கள் உட்கார நான்கு நாற்காலியும் ஒரு டீப்பாயும் வேண்டும். பிள்ளை படிக்க மேசை வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார், அரசு குமாஸ்தா, வக்கீல், டாக்டர், இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பியவர் என்று மாதச் சம்பளமோ கைக்காசோ உள்ள ஒரு நடுத்தர வர்க்கம் உருவாகியிருந்தது. காரணவருக்காகச் செய்த ஒற்றை நாற்காலியின் இடத்தில், ஒரே அளவில் நான்கு நாற்காலிகள் வந்தன. நான்கும் ஒரே அளவு என்பதில்தான் அந்தக் காலத்தின் மாற்றம் அடங்கியிருக்கிறது.

ஆசாரி செய்த நவீனம்

அந்த நாற்காலி எப்படி இருக்கும்? பின்கால் இரண்டும் முதுகுச் சட்டமும் ஒரே கட்டையாக மேலே போகும், லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். முன்கால்கள் கீழே வரவர மெலியும். கைப்பிடி தட்டையான பலகை. விளிம்பை மட்டும் உருட்டியிருப்பார்கள். இருக்கையிலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். செதுக்கு வேலை கிடையாது. இதற்கு முந்தைய தலைமுறைச் சாமானில் கடைசல் கால்களும் பூவேலையும் உண்டு. அவை போனதற்கு ரசனை மாற்றம் ஒரு காரணம், செலவு இன்னொரு காரணம். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் எளிய நாற்காலிகளைச் செய்து பழகிய ஆசாரியின் கை, வீட்டுக்கும் அதே கோட்டில் வேலை செய்தது மூன்றாவது காரணம்.

இணைப்புகளைக் கவனியுங்கள். ஒரு கட்டையின் முனையை நாக்காகச் சீவி, மற்றதில் பொளிந்த துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். இரும்பாணி மிகக் குறைவு. நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை காற்றில் ஈரம் ஏறி இறங்கும். மரம் அதற்கேற்ப உப்பும், சுருங்கும். இரும்பாணி துருப்பிடித்து மரத்தை அரித்துவிடும். மர ஆணி மரத்தோடு சேர்ந்தே அசைந்து கொடுக்கும். எழுபது ஆண்டுக்குப் பிறகும் ஆடாத நாற்காலிகள் இருப்பதன் காரணம் இதுதான்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. பலா புதிதில் மஞ்சள். வெயிலும் காற்றும் பட்டு ஆண்டுகள் போகப்போகச் செம்பழுப்பாகும். அயனி நீரைத் தாங்கும், அதனால் வள்ளம் கட்டவும் அதுவே. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. கறையான் எளிதில் அண்டாது. ஈட்டி கனம், கருஞ்சிவப்பு, ரேகை தெளிவு. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியைக் கொண்டு செய்தால் நிற்கும்; வைரம் ஏறாத வெள்ளையைச் சேர்த்தால் உளுத்து மாவாகக் கொட்டும். நல்ல ஆசாரி வெள்ளையைக் கழித்துவிடுவார். மேல்பூச்சுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். கால் அடியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவதும் உண்டு.

சாய்வு நாற்காலி தனி வகை. கைப்பிடி நீண்டு முன்னால் வரும். காலை அதன்மேல் நீட்டிப் போட்டுக்கொள்ளலாம். தோட்டத் துரைமார்களோடு சேர்த்துப் பேசப்படும் வடிவம் இது. அசம்பு மலையில் ஐரோப்பியர் காப்பித் தோட்டம் போட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பங்களா வராந்தாக்களில் கிடந்தது, பிறகு கீழே இறங்கி வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது.

புதுச்சேரியும் சண்டிகரும்

இதே காலத்தில் இந்தியாவின் வேறு இரண்டு ஊர்களில் நடந்ததைப் பார்த்தால் நம் நாற்காலியின் மதிப்பு புரியும்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. 1930களின் இறுதியில் அந்தோனின் ரேமண்டின் திட்டப்படி அதைக் கட்ட வந்தவர் ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அங்கே அவர் தேக்கில் எளிய அறைகலன்களை வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பிய பிறகு உலகப்போரின்போது தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் தொழில் நுட்பம் கற்றார். பின்பு இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய மரவேலைக் கலைஞர்களில் ஒருவராகப் புகழ்பெற்றார். அவருடைய ஆரம்பகால மரச்சாமான்கள் தமிழ் மண்ணில் உருவானவை. ஆசிரமம் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டே பாதுகாத்தது.

சண்டிகரில் நடந்தது நேர்மாறு. 1951ல் வந்து 1965 வரை அங்கே இருந்த கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே, புதிய தலைநகரின் அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் சாமான்களை வடிவமைத்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு. செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். பழையதானதும் அவை கழிவுப் பொருளாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் குவியலாக வாங்கி, செப்பனிட்டு, பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரும் விலைக்கு விற்றார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கத் தடைவிதித்தது 2011ல். அதற்குள் ஏராளமானவை கடல் கடந்துவிட்டன. ஏலப் பட்டியல்களில் வடிவமைத்த வெளிநாட்டவரின் பெயர் இருக்கிறது. இழைப்புளி பிடித்தவரின் பெயர் இல்லை.

கைவிட்ட காலம்

நம் மாவட்டத்தில் ஏலம்கூட நடக்கவில்லை. கோத்ரெஜ் 1923லேயே இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது; அது மெல்ல மெல்ல மர அலமாரியை அறையிலிருந்து வெளியேற்றியது. மேசைக்குச் சன்மைக்கா வந்தது. பிரம்பு அறுந்தால் நைலான் வயரைப் பின்னினார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கல்யாண வீட்டுக்கு நூறு நூறாக அடுக்கிக் கொண்டுபோக முடிந்தது. வளைகுடாப் பணத்தில் கான்கிரீட் வீடுகள் எழுந்தபோது ஓட்டு வீட்டோடு அதன் சாமான்களும் போயின. ரப்பர் தோட்டங்கள் பெருகி, பால் வற்றிய மரங்களை மருந்தேற்றிப் பலகையாக்கும் தொழில் வந்தது. மலிவான சாமான்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

சட்டமும் உதவாது. 1972ன் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, கைவினைப் பொருள் ஒன்று தொல்பொருளாக நூறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 1955ல் செய்த நாற்காலிக்கு 2055 வரை அந்தத் தகுதி கிடையாது. அரண்மனைக் கட்டிலுக்குத் தொல்லியல் துறை இருக்கிறது, கோயில் தேருக்குப் பக்தர்கள் இருக்கிறார்கள். வாத்தியார் வீட்டு நாற்காலிக்கு நாம்தான் இருக்கிறோம்.

சேகரிப்பவர்களுக்கு

பழைய மரச்சாமான் வாங்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கங்களில் இப்போது தென்படுகிறார்கள். மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்களுக்குச் சில சொற்கள்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய வீட்டு உத்தரத்தை அறுத்துப் புதிதாகச் செய்த சாமான்களும் சந்தையில் உண்டு. தேவையில்லாத இடத்தில் அடைத்த துளை இருந்தால் அந்த மரம் முன்பு வேறு வேலை பார்த்தது என்று பொருள். அடிப்பக்கத்தில் ஆசாரி இணைப்புகளுக்கு இட்ட கீறல் குறி இருக்கலாம். பள்ளியோ அலுவலகமோ பெயிண்டில் எழுதிய எண் இருக்கலாம். அவற்றைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். பழைய மெருகு மங்கியிருந்தால் துடைத்து அரக்குப் பூச்சை ஏற்றினால் போதும். எந்திரத்தில் இழைத்து வார்னிஷ் அடித்தால் எழுபது ஆண்டு நிறம் ஒரே நாளில் போய்விடும். பிரம்பு பின்னத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார். அவருக்கு உரிய கூலி கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள். நான்கு நாற்காலியும் ஒன்றாக இருந்தால் பிரிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எழுதிவைப்பது. எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தோப்பு மரம், எந்த ஆசாரி, யாருக்காகச் செய்தது, யார் உட்கார்ந்தார், யார் உட்கார அனுமதிக்கப்படவில்லை. விற்கிறவர் வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் பாதியாவது கிடைக்கும். அந்தக் குறிப்பைச் சாமானோடு வைத்திருங்கள். சண்டிகரின் நாற்காலிகளுக்கு விலை கிடைத்தது, செய்தவரின் பெயர் போயிற்று. நம்முடையவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காமல் போகலாம். பெயரைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. ஏனெனில் செய்த ஆசாரிகளின் பிள்ளைகள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

நூறாண்டு கடந்த பள்ளிகளும் கல்லூரிகளும் தேவாலயங்களும் நீதிமன்றங்களும் நம் மாவட்டத்தில் பல. அவற்றின் பொருளறைகளில் கிடக்கும் பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் சிலைகளோடு இவற்றுக்கும் ஓர் அறை வேண்டும். அங்கே ஒரு முக்காலியையும் ஒரு நாற்காலியையும் அருகருகே வைத்து, நேசமணி நீதிமன்றத்தில் செய்ததைக் கீழே எழுதிவைத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தின் ஒரு நூற்றாண்டு விளங்கிவிடும். இதைச் செய்யப் பெரிய பணம் தேவையில்லை. கழித்துப்போடும் முன் ஒருமுறை கணக்கெடுக்கும் மனம் போதும்.

அடுத்த வாரம் இந்தச் சாமான்களைச் செய்த கைகளிடம் போவோம்: ஆசாரிக்குடிகள், அவர்களின் முழக்கோல், கூலி முறை, தொழில் கைமாறிய விதம்.

(தொடரும்)